ஓடும் சர்வரில் மடை மாற்றம்

(மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் பிரிவு)



மேலூர், வாடிப்பட்டி பக்கமிருந்து வரும் நண்பர்களுக்கு மடை மாற்றுவது பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வயலுக்குத் திருப்ப வேண்டும். அதற்கு முதலில் அந்த வயலின் வரப்பைச் சுற்றிப் பார்ப்பார்கள். நண்டு வளை இருந்தால் அடைப்பார்கள். மண்ணை வெட்டிக் கைக்கெட்டும் தூரத்தில் குவித்து வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் புது மடையைத் திறந்து பழைய மடையை அடைப்பார்கள். அந்தக் கடைசி வேலைக்கு நாலு மண்வெட்டி மண் போதும். வேலை என்று பார்த்தால் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பத்து இருபது பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்திக்கொண்டிருக்கும் ஒரு ஃபைல் சர்வரிலிருந்து புது டிஸ்க்குகளுக்கு மாறுவதும் இதே வேலைதான். ஃபைல் சர்வர் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் நாம் எழுதிவிடுவோம். ஓடுகிற சர்வரை நிறுத்தாமல் மாற்று என்று வேலைக்குப் போன இடத்தில் சொன்னால் என்ன செய்வது? அதைப் பற்றி நான் பார்த்ததையும் படித்ததையும் இங்கே பாடமாக எழுதுகிறேன்.

பிரச்சினை என்ன?

இன்பிளான்ட் டிரெயினிங்குக்காக மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினைந்து நாள் இருந்தேன். பெயர் வேண்டாம். உசிலம்பட்டி, திருமங்கலம், சிவகங்கை என்று சுற்று வட்டாரமெல்லாம் அங்கே வரும். ஸ்கேன் படங்களும் ரிப்போர்ட்டுகளும் ஒரு லினக்ஸ் ஃபைல் சர்வரில் இருந்தன. ஒவ்வொன்றும் 1 டிபி கொண்ட நாலு டிஸ்க், ரெய்டு-5 அமைப்பு. அதில் ஒரு டிஸ்க் ஏற்கனவே செத்துப்போயிருந்தது.

ரெய்டு-5 பற்றி ஒரு வரி. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று டிஸ்க்கில் தகவலும், நாலாவதில் அந்த மூன்றின் எக்ஸ்ஆர் கணக்கும் எழுதப்படும். 1, 0, 1 என்று இருந்தால் நாலாவது 0. இதில் எது காணாமல் போனாலும் மற்ற மூன்றை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு போனால் கண்டுபிடிக்க முடியாது. 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்ட நாளிலிருந்து இன்றுவரை இந்தக் கணக்கு மாறவில்லை. ஆக, அந்த சென்டரின் பத்து வருஷ ரிப்போர்ட்டும் இன்னொரு டிஸ்க் பழுதானால் அவ்வளவுதான் என்ற நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. பழைய படம் இல்லையென்றால் கட்டி வளர்ந்திருக்கிறதா, சுருங்கியிருக்கிறதா என்று டாக்டர் எதோடு ஒப்பிட்டுச் சொல்வார்? நோயாளிதான் கஷ்டப்படுவார்.

புது சர்வர் வந்து இறங்கியது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் கேட்டேன்.

“ஏண்ணே, ஞாயித்துக்கெழம ஒருநாள் லீவு விட்டுட்டு மொத்தத்தையும் காப்பி பண்ணிரலாம்ல?”

“லீவா? நாலுவழிச் சாலையில அடிபட்டு வர்றவங்கட்ட திங்கக்கெழம வாங்கன்னு சொல்லவா தம்பி?”

பாடம் அங்கேதான் ஆரம்பித்தது.

எது வேலை நேரம், எது நிறுத்த நேரம்?

நம் ஊர் உதாரணமே இருக்கிறது. மதுரை - போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதையில் 2010 டிசம்பர் இறுதியோடு ரயில் நின்றது. அகலப் பாதையாக மாற்றி தேனி வரை ரயில் வந்தது 2022 மே மாதம். போடிக்கு வந்தது 2023 ஜூன் மாதம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் போடிக்காரர்களுக்கு ரயில் கிடையாது. இதே மாதிரி ஒரு வேலை 1892 மே மாதம் இங்கிலாந்தில் நடந்தது. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன்னுடைய கடைசி அகலப் பாதையை, 170 மைலுக்கும் மேலே, ஒரு சனி ஞாயிறில் ஸ்டாண்டர்டு கேஜாக மாற்றியது. வெள்ளிக்கிழமை கடைசி ரயில் போனது. திங்கட்கிழமை புதுப் பாதையில் ரயில் ஓடியது. சுமார் 4,200 தொழிலாளர்கள் வேலை செய்தார்கள்.

அவர்கள் இரண்டு நாளில் முடித்தது மந்திரமில்லை. தண்டவாளத்தை நகர்த்துவதற்கான ஏற்பாடுகளையெல்லாம் ரயில் ஓடிக்கொண்டிருந்தபோதே செய்து முடித்திருந்தார்கள். நகர்த்துவது மட்டுமே பாக்கி. மலையும் பாலமும் நிதியும் வேறு வேறு என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. வேலைக்கு ஆகும் நேரம் வேறு. சேவையை நிறுத்தும் நேரம் வேறு. முதலாவதைக் குறைக்க மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டாவதைத்தான் குறைக்க வேண்டும்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

சர்வரில் இருந்தது 2 டிபி, அதாவது 20 லட்சம் எம்பி. ஃபைல்களின் எண்ணிக்கை சுமார் 30 லட்சம். நெட்வொர்க் ஜிகாபிட். ஒரு ஜிகாபிட் என்றால் நொடிக்கு 125 எம்பி; நடைமுறையில் 110 கிடைத்தால் நல்லது.

20,00,000 ÷ 110 = 18,182 நொடி. சுமார் ஐந்து மணி நேரம்.

நடுவில் எங்கேயாவது பழைய 100 மெகாபிட் ஸ்விட்ச் ஒன்று உட்கார்ந்திருந்தால் இது பத்து மடங்காகும். இரண்டு நாளைத் தாண்டிவிடும். ஆகவே காப்பி ஆரம்பிக்கும் முன்பு வயரைப் பிடித்துக்கொண்டே போய் ஒவ்வொரு ஸ்விட்சையும் பார்த்துவிடுங்கள்.

ஆனால் முழு வேகத்தில் காப்பி ஓடினால் ஸ்கேன் ரூமில் படம் திறக்காது. டிஸ்க்கும் பழசு. ஆகவே நொடிக்கு 40 எம்பிக்கு மேல் போகாதபடி வேகத்துக்குக் கடிவாளம் போட்டார் அண்ணன். 20,00,000 ÷ 40 = 50,000 நொடி, கிட்டத்தட்ட 14 மணி நேரம். சின்னச் சின்ன ஃபைல்களைத் திறந்து மூடும் நேரத்தையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு முழு நாள் ஓடியது. ஓடட்டுமே! அந்த நாள் முழுக்க சென்டரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மடை இன்னும் மாறவில்லை. மண் மட்டும் குவிந்துகொண்டிருக்கிறது.

எந்த வரிசையில் காப்பி செய்வது என்பதும் முக்கியம். பழுதான அமைப்பில் கை வைக்கிறோம். பாதி வழியில் இன்னொரு டிஸ்க் போனால் எது கையில் இருக்க வேண்டும்? சிகிச்சையில் இருப்பவர்களின் படம்தான். ஆகவே இந்த மாதம், போன மாதம், போன வருஷம் என்று பின்னோக்கிப் போனோம். பெயர் வரிசைப்படி விட்டிருந்தால் பத்து வருஷத்துப் பழசுதான் முதலில் பத்திரமாகியிருக்கும்.

ஆர்சிங்க் எப்படி வேலை செய்கிறது?

முதல் காப்பி முடிவதற்குள் புதுப் படங்கள் வந்துவிடும் அல்லவா? அதற்குத்தான் ‘ஆர்சிங்க்’. 1996-ல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் எழுதிய புரோகிராம். விண்டோஸ் மெஷின்களுக்கு யூனிக்ஸ், லினக்ஸ் மெஷினை ஃபைல் சர்வராகக் காட்டும் ‘சம்பா’வை எழுத ஆரம்பித்தவரும் இதே டிரிட்ஜெல்தான்.

இரண்டாம் முறை ஓட்டும்போது ஆர்சிங்க் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் அளவும் கடைசியாக மாறிய நேரமும் இரண்டு பக்கமும் ஒன்றா என்று பார்க்கும். ஒன்றானால் விட்டுவிடும். மாறியிருந்தால் அந்த ஃபைலிலும் மாறிய பகுதியை மட்டும் அனுப்பப் பார்க்கும்.

மாறிய பகுதி எது என்று எப்படித் தெரியும்? பழைய பிரதி வைத்திருக்கும் பக்கம் தன் ஃபைலைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கூட்டல் அடையாளம் போட்டு அனுப்பும். ஒன்று சுலபமானது, மற்றது உறுதியானது. புதிய பிரதி வைத்திருக்கும் பக்கம் ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து தன்னிடம் அந்தத் துண்டு எங்கேயாவது இருக்கிறதா என்று தேடும். சுலபமான கூட்டல் உருண்டு போகக்கூடியது. அதுதான் இதில் உள்ள சூட்சுமம். உதாரணமாக 3, 5, 2, 8, 6 என்று வரிசை. முதல் நாலின் கூட்டல் 18. ஒரு இடம் நகர்ந்தால் மறுபடி நாலையும் கூட்ட வேண்டாம். போகிற 3-ஐக் கழித்து, வருகிற 6-ஐக் கூட்டினால் 21. நிஜத்தில் உள்ள கணக்கு இதைவிடக் கொஞ்சம் சிக்கல், தத்துவம் இதுதான். இந்தச் சுலபமான கூட்டல் பொருந்தினால் மட்டும் உறுதியான அடையாளத்தைச் சரி பார்க்கும்.

ஒரு ஸ்கேன் படம் எழுதியபின் மாறாது. ஆகவே எங்களுக்கு இந்த உருளும் கணக்கைவிட அந்த அளவு-நேரச் சோதனைதான் அதிகம் உதவியது. விண்டோஸ் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ‘ரோபோகாப்பி’ இருக்கிறது. அதுவும் மாறிய ஃபைல்களை மட்டும் எடுத்துவரும்.

நாற்பத்திரண்டு நிமிஷம் எங்கே போனது?

முதல் சுற்று ஓடிய அந்த ஒரு நாளில் புதிதாகச் சேர்ந்தது 20 ஜிபி. 40 எம்பி வேகத்தில் 500 நொடி. எட்டரை நிமிஷம்கூட இல்லை. ஆனால் இரண்டாம் சுற்று ஐம்பது நிமிஷம் ஓடியது. உடனே மூன்றாம் சுற்று ஓட்டினோம். புதிதாக அனுப்ப ஒன்றுமே இல்லை. அப்படியும் 42 நிமிஷம்!

எல்லோரும் இடறுகிற இடம் இது. அனுப்புவதற்கு நேரம் ஆகவில்லை. 30 லட்சம் ஃபைலையும் ஒவ்வொன்றாகத் தட்டி “நீ மாறினாயா?” என்று கேட்கத்தான் நேரம். எத்தனை சுற்று ஓட்டினாலும் இந்த 42 நிமிஷம் குறையாது. கடைசிச் சுற்றில் எழுதுவதை நிறுத்தி வைத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். அப்படியானால் 42 நிமிஷம் சென்டரில் எதுவும் சேமிக்க முடியாது.

அண்ணன் செய்த ஏற்பாடு எளிமையானது. ஃபோல்டர்கள் வருஷம், மாதம் என்று பிரிந்திருந்தன. மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே, நடப்பு மாதத்தைத் தவிர மற்ற எல்லா ஃபோல்டரையும் படிக்க மட்டும் என்று பூட்டிவிட்டார். படம் பார்க்கலாம், மாற்ற முடியாது. பழைய ரிப்போர்ட்டில் டாக்டர் ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால் நடப்பு மாத ஃபோல்டரில் கூடுதல் குறிப்பாக எழுதச் சொன்னார். டாக்டர்கள் இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிவிட்டது.

பூட்டியதால் இரண்டு லாபம். ஒன்று, கடைசிச் சுற்றில் பார்க்க வேண்டியது நடப்பு மாதத்தின் சுமார் 25,000 ஃபைல் மட்டும். 30 லட்சத்தில் இது 120-ல் ஒரு பங்கு. 42 நிமிஷம் 21 நொடியாக இறங்கியது! இரண்டு, பூட்டியது இனி மாறாது என்பதால் அவசரமில்லாமல் ராத்திரி ராத்திரியாக செக்சம் போட்டு இரண்டு பக்கமும் ஒன்றா என்று முழுசாகச் சரிபார்க்க முடிந்தது. அளவும் நேரமும் ஒன்றாக இருந்து உள்ளே கெட்டுப்போன ஃபைலை செக்சம் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: நிறுத்த நேரத்தைத் தீர்மானிப்பது மொத்தச் சரக்கின் அளவு இல்லை. கடைசி நேரத்தில் இன்னும் மாறக்கூடியதாக எவ்வளவு விட்டு வைத்திருக்கிறோம் என்பதுதான்.

வில்லங்கங்கள்

திறந்திருக்கும் ஃபைல்: ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே காப்பி செய்தால் பாதி பழசும் பாதி புதுசுமாக வரும். டேலி, டேட்டாபேஸ் போன்றவற்றை ஓடும்போது எடுத்த காப்பியை நம்பக்கூடாது. மூடிவிட்டு எடுக்க வேண்டும். அல்லது அந்த நொடியின் நிலையை அப்படியே உறைய வைக்கும் ஸ்னாப்ஷாட் எடுத்து அதிலிருந்து காப்பி செய்ய வேண்டும். விண்டோஸில் ஷேடோ காப்பி, லினக்ஸில் எல்விஎம் ஸ்னாப்ஷாட். அதிலும் டேட்டாபேஸுக்கு அதற்கென்றே உள்ள பேக்கப் முறைதான் பத்திரம்.

உரிமை: லினக்ஸ் ஒரு ஃபைலின் சொந்தக்காரரைப் பெயராக எழுதி வைப்பதில்லை, எண்ணாக எழுதி வைக்கிறது. பழைய சர்வரில் 1003 என்பது ரிசப்ஷன். புது சர்வரில் 1003 அக்கவுன்ட்ஸ் என்றால் ரிசப்ஷன் ஃபைலை அக்கவுன்ட்ஸில் திறப்பார்கள். முதலில் இரண்டு பக்கமும் எண்களை ஒன்றாக்குங்கள். ஆர்சிங்கின் ஆர்கைவ் சுவிட்ச் சாதாரண உரிமைகளைக் கொண்டுவரும்; ஏசிஎல், ஹார்டு லிங்க் ஆகியவற்றுக்குத் தனித்தனி சுவிட்ச் போட வேண்டும்.

டெலீட் சுவிட்ச்: பழைய பக்கம் அழித்ததைப் புதுப் பக்கமும் அழிக்கச் சொல்வது இது. தேவைதான், ஆனால் திசை மாறினால் காலி புது டிஸ்க்கைப் பார்த்து பழைய சர்வரையே துடைத்துவிடும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர், பின்னணிச் சர்வர் என்று நினைத்து ஓடிக்கொண்டிருந்த பிரதான டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப் எடுக்கப் பல வழி வைத்திருந்தும் அவை கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு எதேச்சையாக எடுத்து வைத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. கட்டளை கொடுக்கும் முன் மெஷின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். முதலில் ‘டிரை ரன்’ போடுங்கள். என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், ஆனால் செய்யாது.

கரண்ட்: மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வரும். அந்த நாளில் வேலையை வைக்காதீர்கள். இரண்டு சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் யுபிஎஸ் வேண்டும். ஸ்விட்சைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தள்ளிப்போடுதல்: பாம்பனில் பழைய பாலம் 1914-ல் திறந்தது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, முடிந்ததும் ரயிலை மாற்றிவிடுவது என்பது நல்ல திட்டம். ஆனால் புதுப் பாலம் முடியும் முன்பே பழையது பலமிழந்து, 2022 டிசம்பர் 23-ல் அதன் மேல் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும்வரை ராமேஸ்வரம் போகும் ரயில் மண்டபத்தோடு நின்றது. பக்கத்தில் வைத்து மாற்றும் முறைக்கு உயிர்நாடி, புதுசு தயாராகும்வரை பழசு நடமாடுவது. டிஸ்க் சத்தம் போட்ட பிறகு டெண்டர் விடக்கூடாது.

மடை மாற்றிய ராத்திரி

கம்ப்யூட்டர்கள் சர்வரை எப்படிக் கூப்பிடுகின்றன என்று முதலிலேயே பட்டியல் எடுத்தோம். பெரும்பாலானவை பெயரால் கூப்பிட்டன. பெயருக்கு எந்த ஐபி என்று டிஎன்எஸ் சொல்லும். அதை எவ்வளவு நேரம் ஞாபகம் வைத்திருக்கலாம் என்பதற்கு டிடிஎல் என்று பெயர். பெயரை வேறு ஐபிக்குத் திருப்புவதாக இருந்தால் ஒரு நாள் முன்னாடியே டிடிஎல்-ஐ ஐந்து நிமிஷமாகக் குறைத்துவிட வேண்டும். ஆனால் இங்கே சிடி ஸ்கேன் கன்சோலில் ஐபி எண்ணையே நேராக அடித்து வைத்திருந்தார்கள். அதில் கை வைக்க மெஷின் கம்பெனிக்காரர் வர வேண்டும். ஆகவே பழைய சர்வரின் ஐபியைப் புது சர்வருக்கே கொடுப்பது என்று முடிவானது. மேஜை மேல் ஒரு பேப்பரில் வரிசை எழுதி ஒட்டினார் அண்ணன்.

2.00 மணி: பழைய சர்வர் முழுவதும் படிக்க மட்டும் என்று ஆனது.

2.02: கடைசிச் சுற்று. இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தது.

2.04: ஃபைல் எண்ணிக்கை, மொத்த பைட், நடப்பு மாத செக்சம் மூன்றும் ஒப்பிடல்.

2.09: பழைய சர்வர் வேறு ஐபிக்குப் போனது, அதன் ஐபி புது சர்வருக்கு வந்தது.

2.11: முதல் கம்ப்யூட்டரில் படம் திறந்தது.

கவனியுங்கள். எழுத முடியாத நேரம் 11 நிமிஷம். படிக்க முடியாத நேரம் இரண்டே நிமிஷம். அந்த 11 நிமிஷத்திலும் ஒரு விபத்து கேஸ் வரத்தான் செய்தது. ஸ்கேன் நடந்தது. கன்சோல் படத்தைத் தன் சொந்த டிஸ்க்கில் வைத்துக்கொண்டு, சர்வர் கிடைத்ததும் அனுப்பிவிட்டது. டாக்டர் கன்சோலிலேயே படம் பார்த்துவிட்டார். அடிபட்டவரின் குடும்பத்துக்குச் சர்வர் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் நம் வேலைக்குக் கிடைக்கிற சான்றிதழ்.

திரும்பி வரும் வழி

படம் திறந்ததும் கை தட்டிவிட்டு பழைய டிஸ்க்கை அழிக்கக்கூடாது. 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 52 லட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை ஒரு வார இறுதியில் புது கம்ப்யூட்டர் அமைப்புக்கு மாற்றியது. கணக்கு விவரங்கள் ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தன. ஆனால் புது அமைப்பு சுமை தாங்கவில்லை. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் சரியாக டிசம்பர் ஆனது. 2022-ல் கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். ஃபைல் போய்ச் சேர்வது பாதி வேலைதான். திங்கட்கிழமை காலைக் கூட்டத்தைப் புது சர்வர் தாங்குகிறதா என்பது மீதிப் பாதி.

அதனால் அண்ணன் முன்கூட்டியே ஒரு எல்லை வைத்தார். காலை ஆறு மணிக்குள் கோளாறு தெரிந்தால் ஐபியைத் திருப்பிவிட்டுப் பழைய சர்வருக்கே போவது. ஆறு மணிக்கு மேல் புது சர்வரில் புதுப் படங்கள் நிறையச் சேர்ந்துவிடும். அப்போது திரும்பினால் அவற்றையும் கொண்டுவர வேண்டும், ஆகவே அங்கேயே நின்று சரி செய்வது. இந்த முடிவைப் பதற்றமில்லாத நேரத்தில் எழுதி வைக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு யோசிக்கக்கூடாது.

மறுநாள் ஸ்கேன் டெக்னீஷியன் அக்காவிடம் ஒவ்வொரு வருஷத்திலிருந்தும் சில பழைய படங்களைத் திறந்து பார்க்கச் சொன்னோம். செக்சம் மெஷினுக்கு, படத்தைத் திறந்து பார்க்கும் மனிதக் கண் நமக்கு. இரண்டும் வேண்டும். பழைய சர்வர் ஒரு மாதம் மூலையில் அப்படியே இருக்கட்டும் என்று சீட்டு ஒட்டி வைத்தார்கள். அன்றிலிருந்தே வெளி டிஸ்க்கில் தினசரி பேக்கப் எடுக்க ஆரம்பித்தார்கள். புது ரெய்டும் பேக்கப் ஆகாது; தவறி அழித்த ஃபைலை எந்த ரெய்டும் திருப்பித் தராது.

சுருக்கமாக

1. பழசு நடமாடும்போதே ஆரம்பி.
2. வயர், ஸ்விட்ச், எண், உரிமை, ஐபி எல்லாவற்றுக்கும் பட்டியல் எடு.
3. அருமையானதை முதலில் காப்பி செய். வேகத்துக்குக் கடிவாளம் போடு.
4. மாறாததைப் பூட்டு; பூட்டியதைச் சரிபார்.
5. மாறுவதை மட்டும் கடைசிச் சுற்றுக்கு விடு.
6. திரும்பும் எல்லையை முன்பே எழுது.
7. பழசை அழிக்க அவசரப்படாதே.

தோழர்களே! இதைப் படித்தால் மட்டும் வராது. நம் லேபில் ஓரமாகக் கிடக்கும் இரண்டு பழைய பிசி, ஒரு ஸ்விட்ச், ஒரு லினக்ஸ் சிடி போதும். ஒன்றில் பத்தாயிரம் குட்டி ஃபைல்களை உண்டாக்குங்கள். ஒரு நண்பர் ஃபைல்களைச் சேமித்துக்கொண்டே இருக்கட்டும். அவர் கையை நிறுத்தாமல் அடுத்த மெஷினுக்கு மாற்றிப் பாருங்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, கடைசிச் சுற்று என்று மூன்று நேரத்தையும் ரெக்கார்டு நோட்டில் எழுதுங்கள். பிறகு பாதி ஃபோல்டரைப் பூட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒரு சாயங்காலம் போதும். டிப்ளமோ படித்தவனுக்கு என்ன தெரியும் என்று இன்டர்வியூவில் கேட்பவர் முன்னால், அந்த மூன்று எண்களோடு போய் உட்காருங்கள். அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க ஆரம்பிப்பார். வாழ்த்துக்கள்!